சிரிக்க வைத்துவிட்டால் எதையும் சொல்லலாமா? செல்சீ ஹேண்ட்லர் புத்தகத்தை முன்வைத்து

புத்தகப்புழு

அமெரிக்க நகைச்சுவையாளர் செல்சீ ஹேண்ட்லரின் ‘மை ஹாரிசான்டல் லைஃப்’ படித்து முடித்தேன். 2005-ல் வந்த அவருடைய முதல் புத்தகம். தன் பெயரிலேயே தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தி அமெரிக்காவில் எல்லோரும் அறிந்த முகமானது அதற்குப் பிறகு, 2007-ல். ஒரே இரவோடு முடிந்துபோன உறவுகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதியிருக்கிறார். சுருக்கம் எழுதும் அளவுக்கு அதில் கதை கிடையாது. குடி, கூத்து, மறுநாள் அசடு வழிதல், அடுத்த ஆள். நடை மட்டும் படுவேகம். வாய்விட்டுச் சிரித்த இடங்கள் உண்டு. "போதும் தாயே" என்று பக்கத்தைத் தள்ளிய இடங்களும் உண்டு.

படிக்கும்போது என்னை உறுத்தியது வேறு. இதே சம்பவங்களை ஒரு பெண் சிரிப்பே கலக்காமல், "இப்படித்தான் வாழ்ந்தேன், எனக்குப் பிடித்திருந்தது" என்று நேராக எழுதியிருந்தால் எத்தனை பேர் கடைசிப் பக்கம் வரை போயிருப்பார்கள்? பாதிப் பேர் இரண்டாம் அத்தியாயத்திலேயே தீர்ப்பு எழுதியிருப்பார்கள். ஹேண்ட்லர் தப்பித்ததற்கு நம் பெருந்தன்மை காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போது தீர்ப்புச் சொல்ல வாய் ஒத்துழைப்பதில்லை, அவ்வளவுதான்.

அதனால் கேட்கிறேன். காமத்தைப் பற்றிப் பேச நகைச்சுவையாளருக்கு மட்டும் ஏன் இந்தத் தனி அனுமதி? அதனால் சமூகம் கொஞ்சமாவது இளகுகிறதா, இல்லை சிரித்துவிட்டுப் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்துகொள்கிறதா?

பழைய பேனா

தம்பி, அனுமதி கினுமதி என்றெல்லாம் பெரிதாக யோசிக்க வேண்டாம். விற்கிறது, அச்சடிக்கிறார்கள்.

வெட்கப்படுவதை ஏதோ வியாதி மாதிரிப் பேசுவது இப்போது பழக்கமாகிவிட்டது. எனக்கு நெருக்கமான ஒன்றை நாலு பேர் நடுவில் விரிக்காமல் இருப்பது என் விருப்பம். அதற்கு அடக்குமுறை என்று பெயர் வைக்காதீர்கள். இப்படிப்பட்ட புத்தகங்களைத் தடை செய்யச் சொல்கிற ஆள் நான் இல்லை. படிக்காதவனைப் பத்தாம்பசலி என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

ஒரு கேள்வி மட்டும். இதை உங்கள் வீட்டுப் பெண்பிள்ளை படித்தால் சம்மதமா?

நிலாமுற்றம்

> இதை உங்கள் வீட்டுப் பெண்பிள்ளை படித்தால் சம்மதமா?

பேனா ஐயா, இந்தக் கேள்விக்கு 60 வயதுக்கு மேல் ஆகிறது. 1960-ல் லண்டனில் ‘லேடி சாட்டர்லீஸ் லவர்’ நாவல் மீது ஆபாச வழக்கு நடந்தபோது அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, உங்கள் மனைவியோ வேலைக்காரர்களோ படிக்க வேண்டும் என்று நீங்கள் விரும்புகிற புத்தகமா இது என்று ஜூரியிடம் கேட்டார். ஜூரியில் உட்கார்ந்திருந்த 12 பேரில் 3 பேர் பெண்கள்! பதிப்பாளரான பென்குயின் விடுதலையானது. அந்த ஒரு கேள்வியால் வக்கீல் தன் வழக்கைத் தானே கவிழ்த்துக்கொண்டார் என்று இன்றுவரை சொல்கிறார்கள்.

"ஆண்பிள்ளை படித்தால் சம்மதமா" என்று நீங்கள் கேட்கவில்லை, கவனித்தீர்களா? கோபமாகச் சொல்லவில்லை. தலைப்பில் இருக்கிற கேள்விக்கும் விடை இங்கேதான் எங்கோ இருக்கிறது. ஆண் தன் லீலைகளை எழுதினால் அது சாகசக் கணக்கு. பெண் எழுதினால் ஒப்புதல் வாக்குமூலம். ஒப்புதல் வாக்குமூலம் என்றால் முகத்தில் கொஞ்சம் வருத்தம் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஹேண்ட்லர் அந்த வருத்தத்தைத் தர மறுக்கிறார். அதற்குப் பதில் ஒரு ஜோக் தருகிறார். அந்த மாற்றுச் சரக்கை நாம் வாங்கிக்கொள்கிறோம்.

அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர் கின்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களின் பாலியல் நடத்தை பற்றிய அவருடைய ஆய்வு 1948-ல் வந்தது. வாதப் பிரதிவாதம் இருந்தது, ஆனாலும் கிடுகிடுவென்று விற்றது. 1953-ல் பெண்களைப் பற்றிய இரண்டாம் தொகுதி வந்ததும்தான் வெடித்தது. அடுத்த ஆண்டே ராக்கஃபெல்லர் அறக்கட்டளை பண உதவியை நிறுத்தியது. 1956-ல் அவர் இறந்தே போனார். புள்ளிவிவரப் பட்டியல்கள் நிறைந்த தடிப் புத்தகங்கள் அவை. ஜோக் ஒன்றுகூட இல்லை.

சட்டைப்பை

> நகைச்சுவையாளருக்கு மட்டும் ஏன் இந்தத் தனி அனுமதி?

புழு, அந்த அனுமதியே புதுச் சரக்கு. நகைச்சுவையாளரை இதற்காக விலங்கு மாட்டி இழுத்துப்போன காலம் ஒன்றும் வெகு தொலைவில் இல்லை.

லென்னி புரூஸ். 1961 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ மேடையில் பேசிய பேச்சுக்காக ஆபாசக் குற்றச்சாட்டில் கைது. அங்கே ஜூரி விட்டுவிட்டது. 1964-ல் நியூயார்க்கில் மறுபடி கைது, இந்தத் தடவை தண்டனை: நான்கு மாதம். ஜாமீனில் வெளியே வந்து மேல்முறையீட்டோடு போராடிக்கொண்டிருந்தவர் 1966 ஆகஸ்டில் 40 வயதில் போதைமருந்துக்குப் பலியானார். நியூயார்க் ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2003 டிசம்பரில். செத்து 37 வருஷம் கழித்து! அந்த மாநிலத்தில் இறந்தவருக்குக் கிடைத்த முதல் மன்னிப்பு அதுதான்.

அவரும் தன் வாழ்க்கைக் கதையை எழுதியிருக்கிறார். ‘பிளேபாய்’ இதழில் தொடராக வந்து 1965-ல் புத்தகமானது. இன்றைக்கு வருகிற அத்தனை "வெளிப்படையான" நகைச்சுவை நினைவுக் குறிப்புகளுக்கும் அதுதான் மூத்த அண்ணன்.

நியூயார்க் வழக்கில் எனக்குப் பிடித்த கூத்து ஒன்று உண்டு. நிகழ்ச்சியில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர் உரிமத் துறை ஆய்வாளர் ஒருவர். அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் அவர் புரூஸின் நகைச்சுவையைச் சொல்லிக் காட்டினார். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, எங்கே நிறுத்த வேண்டும் என்கிற தாளம் இல்லை. இந்த ஆள் என் நிகழ்ச்சியைச் சொதப்புகிறார், தண்டனை எனக்கா என்று புரூஸ் நொந்துகொண்டார். சிரிப்பைக் கழித்துவிட்டு வார்த்தையை மட்டும் எடுத்து வைத்தால் அது எப்படி ஒலிக்கும் என்று புழு கேட்டாரே, அந்தச் சோதனையை அரசாங்கமே நடத்தியிருக்கிறது. முடிவு: குற்றவாளி.

அவருக்குப் பிறகு ஜார்ஜ் கார்லின், 1972-ல் மில்வாக்கியில் கைது, வானொலியில் அவர் பேச்சு ஒலிபரப்பானதில் கிளம்பிய வழக்கு 1978-ல் உச்ச நீதிமன்றத்தில் அவர் பேச்சுக்கு எதிராக 5-க்கு 4 என்று முடிந்தது. அது பெரிய கதை, இங்கே வேண்டாம்.

அரைத்தூக்கம்

நம்ம ஜோக்கை இன்னொருத்தன் சொதப்பி, அதுக்கு நாம கம்பி எண்ணுறதா? இதைவிடக் கொடூரமான தண்டனை நரகத்துலகூடக் கிடையாதுங்க.

குறுக்குக்கேள்வி

எல்லோரும் எழுதியவரின் சுதந்திரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எழுதப்பட்டவரின் நிலை?

ஒரு இரவு ஒருவரோடு இருந்தார், சரி. இரண்டு பேர் சம்பந்தப்பட்ட விஷயம் அது. ஒருவர் அதைப் புத்தகமாக்கிக் காசு பார்க்கிறார். இன்னொருவர் எங்கேயோ தன் பாட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். பெயரை மாற்றினால் போதுமா? அந்த ஆளுடைய நண்பர்களுக்குத் தெரியாதா? அவருடைய உடம்பு, அவர் தடுமாறிய விதம், எல்லாம் லட்சம் பேருக்குச் சிரிப்புப் பொருள். இதையே ஒரு ஆண் செய்தால், தன்னோடு இருந்த பெண்களின் உடலைப் பற்றி ஒரு புத்தகம் முழுக்கக் கிண்டலடித்தால், நிலாமுற்றம் அக்கா அவரைச் சும்மா விடுவாரா?

வெட்கம் சமூகக் கட்டுப்பாடு என்கிற கட்சிக்கு நானும் ஓரளவு வருவேன். ஆனால் அடுத்தவருடைய வெட்கத்தை நான் அவிழ்க்கலாமா?

பழைய பேனா

குறுக்கு, இதைத்தான் நான் சொல்ல வந்தேன், எனக்கு வார்த்தை வரவில்லை.

நம் இலக்கணத்தில் இதற்கு விதியே இருக்கிறது. அகத்திணையில் தலைவன் தலைவி யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பியம். களவு, கற்பு, ஊடல், கூடல், பரத்தையிற் பிரிவு, எதை வேண்டுமானாலும் பாடு. ஆள் யார் என்று மட்டும் காட்டாதே. காமத்தைப் பேசக் கூச்சப்பட்டவர்கள் போட்ட விதி என்று இதைச் சொல்ல முடியாது. வாழ்நாள் முழுக்க அதையே பாடியவர்கள் போட்ட விதி.

நிலாமுற்றம்

பேனா ஐயா, அருமை. இதை நான் எதிர்பார்க்கவில்லை, மறுக்கவும் மாட்டேன். ஆனால் நினைவுக் குறிப்பு வேறு சாதி. பெயர் சொல்லாமல் எழுதினால் பாட்டு ஆகும். நினைவுக் குறிப்பில் "நான்" என்று ஒருத்தி நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அந்த "நான்" நின்றதும் பக்கத்தில் இருந்தவர் மீதும் வெளிச்சம் விழத்தான் செய்யும்.

குறுக்குக்கேள்வி கேட்டதற்கு நேர்ப் பதில்: விட மாட்டேன். ஹேண்ட்லர் எழுதியதிலும் ஆண்களின் உடலைக் கேலி செய்கிற இடங்கள் எனக்குச் சிரிப்பு மூட்டவில்லை. குறிவைக்கிற ஆளை மாற்றிவிட்டால் கேலி புரட்சியாகிவிடாது. ஆனால் எமி ஷூமர் 2016-ல் எழுதிய ‘தி கேர்ள் வித் தி லோயர் பேக் டாட்டூ’ படித்திருக்கிறீர்களா? மேடையில் அவர் ஊர்சுற்றி, குடிகாரி, கண்டவனோடு போகிறவள் என்ற வேஷம். புத்தகத்திலோ, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் முன்பின் தெரியாதவரோடு ஒரு இரவு என்று எழுதுகிறார். அதே புத்தகத்தில் தன்னை அடித்துத் துன்புறுத்திய காதலனைப் பற்றியும், தன் சம்மதம் இல்லாமல் நடந்த முதல் உறவைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களில் ஜோக்குகள் ஒதுங்கிக்கொள்கின்றன. மேடையில் அத்தனை "வெட்கம் கெட்டவள்" வேஷம் போட்டதெல்லாம் எதற்காக என்று அங்கே புரிந்தது எனக்கு. சிரிப்புக்காக அவிழ்த்ததெல்லாம் கற்பனை. நிஜத்தை அவிழ்க்க அவருக்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது.

வேஷம் போட்டால்தான் பேசலாம் என்பது பெண் நகைச்சுவையாளர்களுக்குப் பழைய ஏற்பாடு. மாம்ஸ் மேப்ளி என்று ஒரு கறுப்பினக் கலைஞர். தொளதொள வீட்டு உடை, தொங்கும் தொப்பி, பல் இல்லாத வாய், பாட்டி வேஷம். அந்த வேஷத்தில் நின்றுகொண்டு, கிழவர்கள் வேண்டாம், இளவட்டங்கள்தான் வேண்டும் என்று காலம்பூராவும் ஜோக் அடித்தார். 1962-ல் கார்னகி ஹால் மேடை வரைக்கும் போனார். முப்பது வயது அழகி அதையே சொல்லியிருந்தால் கதை வேறு. பாட்டி என்றால் ஆபத்தில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

வெள்ளைக்கோட்டு

மருத்துவராக இருக்கிறேன். தலைப்புக் கேள்விக்கு என் தொழில் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

1992 நவம்பரில் அமெரிக்காவில் ‘சைன்ஃபெல்ட்’ நகைச்சுவைத் தொடரில் ஒரு வாரம் இப்படி ஒரு கதை வந்தது. நான்கு நண்பர்கள், மூன்று ஆண்கள், ஒரு பெண். யார் அதிக நாள் சுயஇன்பம் செய்யாமல் இருக்கிறார்கள் என்று பந்தயம். அந்த வார்த்தையை ஒரு தடவைகூட உச்சரிக்காமல் அரை மணி நேரம் ஓட்டினார்கள். எழுதிய லாரி டேவிட்டுக்கு அடுத்த ஆண்டு எம்மி விருது. இன்றும் தொலைக்காட்சி நகைச்சுவையின் உச்சங்களில் ஒன்றாக அதைக் கொண்டாடுகிறார்கள்.

இரண்டே ஆண்டு கழித்து, 1994 டிசம்பர் 1. உலக எய்ட்ஸ் தினம், ஐ.நா. கூட்டம். அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி ஜோசலின் எல்டர்ஸ் பேசி முடித்ததும் ஒருவர் சுயஇன்பத்தைப் பற்றிக் கேட்கிறார். எய்ட்ஸ் பரவிக்கொண்டிருந்த காலம், கேள்வி நியாயமானது. அது மனிதப் பாலுணர்வின் ஒரு பகுதி, பாலியல் கல்வியில் அதையும் சேர்க்கலாம் என்கிற பொருளில் பதில் சொன்னார். டிசம்பர் 9-ல் வேலை போய்விட்டது. அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். பதவியில் இருந்தது சுமார் 15 மாதம்தான். வெளியே அனுப்பியவர் யார்? அதிபர் பில் கிளின்டன். மூன்று வருஷம் கழித்து மோனிகா லெவின்ஸ்கி விவகாரத்தில் அவரே உலகத்துக்குத் தந்த செய்திகளை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

அதே நாடு, அதே விஷயம், இடையில் இரண்டு வருஷம். சிரித்துக்கொண்டே சொன்னவருக்கு விருது. மருத்துவர் சாதாரணக் குரலில் சொன்னதும் பதவி பறிபோனது. புழு கேட்ட "தனி அனுமதி" எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியாது.

ஆலோசனை அறையிலும் இதே கதைதான். வருகிறவர் தலைவலி, தூக்கமின்மை என்று எல்லாம் சொல்லி முடித்து, எழுந்து, கதவுப் பிடியில் கை வைத்த பிறகு திரும்பிச் சிரிப்பார். "சும்மா கேக்கறேன் டாக்டர், என் ஃபிரெண்டு ஒருத்தனுக்கு..." அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அந்தக் கேள்வி வெளியே வந்தே இருக்காது. ஆனால் நான் பதில் சொல்ல ஆரம்பித்ததும் அதே சிரிப்பை வைத்தே "சரி சரி, ஜோக்குக்குச் சொன்னேன்" என்று ஓடிவிடுகிறவர்களும் நிறைய. கதவைத் திறந்ததும் மூடியதும் ஒரே சிரிப்பு.

புத்தகப்புழு

டாக்டர், எம்மியையும் எல்டர்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது அபாரம். என் கேள்விக்குப் பாதி விடை அதில் வந்துவிட்டது. ஜோக்கில் சொன்னதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, அதனால்தான் அனுமதி. கணக்கில் எடுக்க வேண்டிய ஒருவர் சொன்னதும் அனுமதி ரத்து.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் கதையே கொஞ்சம் இப்படித்தான். 1952-ல் ‘ஐ லவ் லூசி’ தொடரின் நாயகி லூசில் பால் நிஜமாகவே கர்ப்பமானார், கதையிலும் கர்ப்பம் வைத்தார்கள். நாயகனாக நடித்ததும் சொந்தக் கணவர்தான். அப்படியும் கர்ப்பம் என்ற சொல்லைத் தொலைக்காட்சி நிறுவனம் அனுமதிக்கவில்லை. 1953 ஜனவரியில் கதையில் குழந்தை பிறந்த வாரத்தின் நிகழ்ச்சியை சுமார் 4.4 கோடி பேர் பார்த்தார்கள். மறுநாள் நடந்த அதிபர் ஐசன்ஹோவர் பதவியேற்பைவிட அதிகம். வயிறு தெரியலாம், குழந்தை வரலாம், சொல் மட்டும் வரக் கூடாது!

குறுக்குக்கேள்வி

அதெல்லாம் சரி, நான் கேட்டது அப்படியே நிற்கிறது. இன்னொன்றும் சேர்த்துக் கேட்கிறேன். ஹேண்ட்லர் எழுதியது உண்மை என்று எதை வைத்து நம்புகிறீர்கள்? 2011-ல் அவருடைய குடும்பத்தாரும் நண்பர்களும் சேர்ந்து, அவர் தங்களிடம் அவிழ்த்துவிட்ட பொய்களைத் தொகுத்து ஒரு புத்தகமே போட்டார்கள். அவருடைய சம்மதத்தோடு, அவர் பெயரை அட்டையில் வைத்து! பொய் சொல்வதே அவருடைய பெருமை. அப்புறம் எங்கிருந்து "வெளிப்படைத்தன்மை"?

அரைத்தூக்கம்

பொய்யா இருந்தா உங்க முதல் கேள்வி காலியாயிடுச்சே! இல்லாத ஆளுக்கு ஏதுங்க மானநஷ்டம்?

சட்டைப்பை

அரைத்தூக்கம் தூக்கத்திலும் பாயிண்டைப் பிடிக்கிறார் 😄

குறுக்குக்கேள்வி சொன்னதில் இருண்ட பக்கம் ஒன்று உண்டு. வெளிப்படையாகப் பேசுகிறவர் நல்லவர் என்று நாமாகவே எடுத்துக்கொள்கிறோம். லூயிஸ் சி.கே. மேடையில் தன் காமக் கோணல்களைத் தானே சொல்லிச் சொல்லிப் பெயர் வாங்கியவர். "எவ்வளவு நேர்மை" என்று விமர்சகர்கள் உருகினார்கள். 2017 நவம்பரில் ஐந்து பெண்கள் அவருடைய நடத்தையைப் பற்றி நியூயார்க் டைம்ஸிடம் பேசினார்கள். அந்தக் கதைகள் உண்மை என்று மறுநாள் அவரே ஒப்புக்கொண்டார். 2022-ல் சிறந்த நகைச்சுவை ஆல்பத்துக்கான கிராமி விருது வேறு வாங்கிவிட்டார், அது இருக்கட்டும். மேடையில் சொன்ன ஜோக்குகளை இப்போது திரும்பப் பார்த்தால் எதிரே ஒருவர் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார், கேட்டவர்கள் எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள்.

பிரிட்டனில் ரசல் பிராண்ட். 2007-ல் தன் போதை, காம வாழ்க்கை எல்லாவற்றையும் கொட்டி ‘மை புக்கி வுக்’ எழுதினார், அமோக விற்பனை. 2023-ல் பல பெண்கள் அவர்மீது பாலியல் குற்றச்சாட்டு வைத்தார்கள், அவர் மறுத்தார். 2025-ல் வழக்குப் பதிவாகி, தான் குற்றமற்றவர் என்று நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறார். தீர்ப்பை நீதிமன்றம் சொல்லட்டும். நான் சொல்வது வாசகரைப் பற்றி மட்டும். அந்தப் புத்தகத்தை இன்று எடுத்தால் 2007-ல் சிரித்த சிரிப்பு யாருக்கும் வராது. ஒரு வரிகூட மாறவில்லை. நாம் அப்போது எதைக் கேட்காமல் விட்டோம் என்பதுதான் மாறியிருக்கிறது. இரண்டு பேரில் ஒருவர் மட்டும் பேசுகிற கதை அது என்று குறுக்குக்கேள்வி சொல்கிறாரே, முழு உண்மை.

பழைய பேனா

இதற்குத்தான் அந்தரங்கம் அந்தரங்கமாக இருக்கட்டும் என்கிறேன்.

வெள்ளைக்கோட்டு

மன்னிக்கணும் ஐயா, இங்கே நான் எதிர்ப்பக்கம். அந்தப் பெண்கள் வருஷக்கணக்காக வாய் திறக்காமல் இருந்ததற்கு ஒரு காரணமே "இதெல்லாம் வெளியே பேசுகிற விஷயமா" என்கிற எண்ணம்தான். அந்தரங்கம் என்ற வேலிக்குள் பாதுகாப்பாக நிற்கிறவர் பெரும்பாலும் தப்பு செய்தவர். அகத்திணை விதி பாடுகிறவருக்கு. புகார் கொடுக்கிறவருக்கு அது பொருந்தாது.

சிரிப்பு கதவை மூடும் என்று நானே சொன்னேன், திறந்தே வைத்திருந்த ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். பாலியல் ஆலோசகர் டாக்டர் ரூத் வெஸ்ட்ஹைமர். 1980-ல் நியூயார்க் வானொலி ஒன்றில் ஞாயிறு நள்ளிரவு தாண்டி 15 நிமிடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள், யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில். நான்கு அடி ஏழு அங்குல உயரம், ஜெர்மானிய வாடை வீசும் ஆங்கிலம், ஐம்பதைத் தாண்டிய வயது. யூத இனப்படுகொலையில் பெற்றோரை இழந்தவர். அந்தப் பாட்டிக் குரல் உறுப்புகளின் பெயரைத் தயங்காமல் சொல்லும், கூடவே சிரிக்கும், அடுத்த நொடி கருத்தடை பற்றிக் கறாராகப் பேசும். நேயர்கள் குவிந்தார்கள். 2024-ல் 96 வயதில் இறக்கும்வரை பேசிக்கொண்டே இருந்தார். நிலாமுற்றம் சொன்ன பாட்டி வேஷத்துக்கும் இவருக்கும் ஒரு வித்தியாசம்: இவர் சிரிப்பு முடிந்ததும் பதில் சொன்னார்.

நிலாமுற்றம்

ஆமாம், அவருக்கு அழைத்தவர்கள் கேள்வியோடு வந்தவர்கள். ஹேண்ட்லர் புத்தகத்தில் யாருக்கும் கேள்வியே இல்லை. அதில் என்னைச் சோர்வாக்கியதும் அதுதான்.

இந்த இடத்தில் அலி வாங் என்ற நகைச்சுவையாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழு மாதக் கர்ப்பத்தோடு மேடையேறி 2016-ல் பச்சையாகப் பேசியவர். 2019-ல் ‘டியர் கேர்ள்ஸ்’ எழுதினார். தன் இரண்டு பெண் குழந்தைகள் வளர்ந்த பிறகு படிப்பதற்காகக் கடித வடிவில். கல்யாணத்துக்கு முன்னால் தான் யார் யாரோடு சுற்றினேன் என்பதும் அதில் உண்டு. பேனா ஐயா கேட்ட கேள்வியை அவர் தலைகீழாக்கிவிட்டார்: வீட்டுப் பெண்பிள்ளைக்காகவே எழுதுகிறேன் என்கிறார்.

பழைய பேனா

நிலாமுற்றம் அம்மா, அந்தப் பிள்ளைகள் படித்து என்ன சொல்வார்கள் என்று தெரியட்டும், அப்புறம் பேசுவோம்.

இதற்கிடையில் நேற்று ராத்திரி ஹேண்ட்லர் புத்தகத்தின் இலவச மாதிரிப் பக்கங்களைப் படித்துப் பார்த்தேன். படிக்காமல் திட்டினேன் என்று யாரும் சொல்லக் கூடாது பாருங்கள். கோபம் வரும் என்று எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்தேன். கொட்டாவிதான் வந்தது. இதில் என்ன துணிச்சல் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

புத்தகப்புழு

ஐயா, அந்தக் கொட்டாவி எனக்கும் வந்தது, பாதிப் புத்தகத்துக்கு மேல். ஏன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இத்தனை பேர் பேசிய பிறகு ஒன்று தோன்றுகிறது.

இந்த வகை நகைச்சுவைக்கு முதலீடே வாசகரின் வெட்கம்தான். நான் முதல் சில அத்தியாயங்களில் "ஐயையோ" என்றேன், அதனால் சிரித்தேன். ஏழெட்டு ஆண்களைத் தாண்டியதும் எனக்குள் "ஐயையோ" தீர்ந்துபோனது, அதோடு ஜோக்கும் தீர்ந்தது. லூசியின் வயிற்றைப் பார்த்து 1953-ல் அடைந்த குறுகுறுப்பு இன்று யாருக்காவது வருமா? அப்படியென்றால், சமூகம் உண்மையிலேயே கூச்சம் விட்டுவிட்டால் முதலில் நஷ்டப்படுகிறவர் நகைச்சுவையாளர். வெட்கத்தை உடைக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறவருக்கு அது முழுதாக உடைந்துபோவதில் லாபம் இல்லை. லென்னி புரூஸ் மாதிரி ஒருசிலர் அந்தக் கணக்குப் பார்க்காமல் மோதினார்கள், அழிந்தார்கள். மற்றவர்களுக்கு வெட்கம் அளவோடு உயிருடன் இருக்க வேண்டும். ஜோசலின் எல்டர்ஸுக்கு அது இல்லாமல் போனால் நிம்மதி, செல்சீ ஹேண்ட்லருக்கு அது இல்லாமல் போனால் வேலை போய்விடும்.

குறுக்குக்கேள்வி

இது கொஞ்சம் அதீதம். அப்படியானால் ஷூமர் புத்தகத்தில் நிலாமுற்றம் அக்கா சொன்ன பக்கங்கள் ஏன் இன்றும் நிற்கின்றன?

நிலாமுற்றம்

அந்தப் பக்கங்களில் அவர் "ஐயையோ"வை எதிர்பார்த்து எழுதவில்லை, அதனால் நிற்கின்றன. ஜோக் இருக்கிற அத்தியாயங்களில் பாதி எனக்கும் பழசாகிவிட்டன. அந்த வகையில் புழு சொல்வது சரி.

பேனா ஐயா, படிப்பதென்றால் ஷூமரை எடுங்கள். கொட்டாவி வந்தால் சொல்லுங்கள், சண்டை போடலாம்.

பழைய பேனா

எடுக்கிறேன். அந்த ஒரே ஒரு இரவு அத்தியாயத்தைத் தாண்டிவிட்டுப் படித்தால் தப்பா?

அரைத்தூக்கம்

ஐயா அதைத்தான் முதல்ல படிப்பார், எழுதி வெச்சுக்குங்க.